விளக்கு அணைந்தால் மட்டக்கம்பு

எங்கள் ரோட்டு சிக்னல் விளக்குக்கு இரண்டு பேட்டரி. ஒன்று கம்பத்துக்குக் கீழே இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. மற்றது நானும் என் நாத்தனாரும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். வரட்டும், நானே சம்பாதித்த தலைக்கனம்தான்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறி, அங்கிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் ரோட்டில் ஒரு பாறை வளைவு இருக்கிறது. ஒரு அடைமழையில் அந்த இடத்தில் ரோட்டின் பாதி பள்ளத்துக்குள் போய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு பஸ் போகலாம். எதிரே ஒரு ஆட்டோ வந்தால்கூட ஒதுங்க இடமில்லை. ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது, நடுவில் பாறை. நடந்து கடக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகும். அதனால் இரண்டு முனையிலும் சிவப்பு, பச்சை விளக்கு வைத்தார்கள். கரண்ட் போனாலும் பேட்டரியில் எரியும் என்று மாட்ட வந்த பொறியியலாளர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. கரண்ட் கொஞ்ச நேரம் போய் வந்தால் பேட்டரி தாங்கிக்கொள்ளும். ஆனால் எங்கள் மலையில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் வருவதற்கு நாள்கணக்காகும். அவ்வளவு நாளைக்கு எந்தப் பேட்டரிக்கும் உயிர் இருக்காது.

முதல் தடவை அப்படி ஆனபோது, பஸ்ஸும் கொழுந்து லொறியும் வளைவுக்கு நடுவில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. பஸ் பின்னால் போக முடியாது, லொறி போக மாட்டேன் என்றது. தோட்டமே திரண்டு வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னதுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் ரோட்டு வேலையைப் பார்க்கும் ஓவசியர், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கு ஆள் தேடி வந்தார். விளக்கு செத்துப்போகிற நாட்களில் இரண்டு முனையிலும் கொடி பிடித்து வண்டிகளை மாற்றி மாற்றி விட இரண்டு பேர் வேண்டும் என்றார். கீழ் முனைக்கு நான் வருகிறேன் என்றேன். மேல் முனைக்கு அங்கேயே வீடு இருக்கிற என் நாத்தனாரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார்.

"அவளோட நான் பேசுறதில்லைங்க," என்றேன்.

"கொடி பிடிக்கத்தானே போறீங்க? பேசத் தேவையில்லையே," என்றார் அந்த மனிதர்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் மகள் கல்யாணத்துக்கு என்னை வீட்டுக்கு வந்து, தட்டு வைத்து அழைக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்றுகொண்டு தன் அண்ணனிடம், "அண்ணியையும் கூட்டிட்டு வாங்க," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். நான் என்ன கூடையா, கூட்டிக்கொண்டு வருவதற்கு? கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அவள் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை, நானும் அவள் வீட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பேசாத இரண்டு பேர், பார்க்க முடியாத இரண்டு முனைகளில் நின்றுகொண்டு எப்படி வண்டி விடுவது? போனில் சொல்லலாம் என்றால், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். நான் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த வருசங்களில் பதுளை ரயிலில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஸ்டேசன் மாஸ்டர் ஒரு வளையத்தைக் கொடுப்பார், டிரைவர் எட்டி வாங்கிக்கொள்வார். அந்த வளையம் கையில் இல்லாமல் ரயில் அடுத்த ஸ்டேசனுக்குப் போகாது. ஒற்றைத் தண்டவாளத்துக்கு அதுதான் காவல். ஒற்றை ரோட்டுக்கும் அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

வளையத்துக்குப் பதில் என்னுடைய மட்டக்கம்பை எடுத்தேன். கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கிற நீளக் கம்பு அது. ஒரு முனையில் சிவப்புத் துணியைச் சுற்றினேன். ஒரு பக்கத்திலிருந்து வண்டிகளை வரிசையாக விட்டு, கடைசி வண்டியின் டிரைவர் கையில் கம்பைக் கொடுக்க வேண்டும். கம்பு வந்து சேர்ந்தால்தான் மறுபக்கம் வண்டி விடலாம். பையில் போட்டு மறந்துவிட முடியாத நீளம். ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த ஏற்பாட்டை என் நாத்தனாருக்கு ஓவசியர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அவளும் ஓவசியர் மூலமாகவே "சரி" என்றாள்.

அதன்பின் கரண்ட் போன நாட்களில் எல்லாம் அந்தக் கம்பு மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. டிரைவர்மார் எங்களைப் 'பேட்டரி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். ஆனால் எங்கள் கொடியை மதிக்காமல் ஒருவரும் உள்ளே போனதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த அந்தக் காலைக்கு வருகிறேன். மூன்றாம் நாளாகக் கரண்ட் இல்லை. மழை விட்டு, மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் நிற்பது மாடா மனுசனா என்று தெரியாது. நான் ஒரு வரிசையை மேலே அனுப்பினேன்: ஒரு மரக்கறி லொறி, இரண்டு ஆட்டோ, கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள். அதில் வந்தவர் மேல் லயத்துக்காரர். "நீங்கதான் கடைசி. மேல இருக்கிறவங்க கையில குடுத்துருங்க," என்று கம்பைக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. வண்டியும் இல்லை, கம்பும் இல்லை.

என் பக்கத்தில் வரிசை நீண்டது. முன்னால் தோட்டத்துப் பஸ். வேலைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று பஸ் நிறைய ஆட்கள். முதலில் பொறுத்தார்கள். பிறகு ஜன்னல் வழியாகத் தலைகள் நீண்டன. டிரைவர் இறங்கி வந்தார்.

"அக்கா, ஒரு ஈ காக்கா இறங்கி வரல. ரோடு சும்மா கிடக்கு. விடுங்க."

"கம்பு வரல."

"கம்பாவது மண்ணாங்கட்டியாவது! ஹோர்ன் அடிச்சிக்கிட்டே போயிருவேன்."

"எதிர்ல வர்றவனும் ஹோர்ன் அடிச்சிக்கிட்டே வந்தா என்ன பண்ணுவீங்க? ரெண்டு பேரும் கச்சேரி வைப்பீங்களா?"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டார். நான் போய் பஸ்ஸுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த நேரத்தில் என் மனதிலும் ஒரு நினைப்பு ஓடியது: இவள் வேண்டுமென்றே செய்கிறாளோ, கல்யாணத்துக்கு வராததற்கு இப்படிப் பழி வாங்குகிறாளோ. உள்ளே போய்ப் பார்க்கவும் வழியில்லை. நான் முதுகைத் திருப்பினால் பஸ் உள்ளே போய்விடும். அவள் என்னதான் செய்தாலும், கம்பு வராமல் என் முனையிலிருந்து வண்டி போகாது என்பதில் மட்டும் நான் அசையவில்லை.

"என் மேல ஏத்திட்டுப் போங்க," என்றேன். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

அப்போதுதான் பனிக்குள் ஒரு சிவப்பு தெரிந்தது. முதலில் கொடி, பிறகு அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கை, பிறகு என் நாத்தனார். நடு ரோட்டில் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் நடைக்கு ஈடாக, ஒரு வேன் ஊர்ந்து வந்தது.

"அண்ணி," என்றாள். மூச்சு வாங்கியது. "கடைசியா எந்த வண்டிய விட்டீங்க? கம்பு வரவே இல்ல. உள்ள ஏதும் கவுந்து கிடக்கான்னு பள்ளத்தப் பாத்துக்கிட்டே வந்தேன். ஒண்ணும் இல்ல."

"மோட்டார் சைக்கிள். மேல் லயத்துக்காரரு."

"அப்ப நடுவுல குறுக்குப் பாதையில ஏறிப் போயிருப்பான். விளங்காதவன்!"

வேனுக்குள் அவள் மகள் படுத்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். வலி எடுத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பிள்ளை மேல் முனையில் இவ்வளவு நேரமும் காத்துக் கிடந்திருக்கிறது. காக்கவைத்தது பெற்ற தாய். கம்பு வராமல் சொந்த மகளின் வேனைக்கூட உள்ளே விடவில்லை. மாப்பிள்ளை கெஞ்சியிருக்கிறார், சம்பந்தியம்மா சத்தம் போட்டிருக்கிறார். பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் கம்பு வராவிட்டால் நானே கம்பு என்று கொடியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

நான் பஸ்ஸை விட்டிருந்தால், அந்தப் பனியில், அந்த வளைவில், பஸ் முதலில் மோதியிருப்பது இவளைத்தான். அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் நடந்தாள். நான் விடமாட்டேன் என்ற ஒரே நம்பிக்கையில் நடந்தாள். கல்யாணத்துக்குத் தட்டு வைத்து அழைக்காதவள், உயிரை என் கையில் வைத்துவிட்டு வந்து நிற்கிறாள். நான் அன்று பட்ட பெருமையை இதுவரை வேறு எதற்கும் பட்டதில்லை.

வேன் ஜன்னல் வழியாக மகள் என் கையைப் பிடித்தாள். "அத்தை, பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாது தங்கம். அம்மா கூட வருவா," என்று சொல்லிவிட்டு நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். "ஏறு. நீயும் போ. இங்க நான் பாத்துக்கிறேன்."

அவள் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள். மேல் முனையில் அவள் இல்லாத நேரத்தில் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதே. அதற்காக ஒரு மணல் லொறியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தச் சொல்லி, சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ் டிரைவர் அந்தச் சாவியைப் பார்த்த பார்வையில், இவளுக்கு நானே பரவாயில்லை என்று நினைத்திருப்பார்.

"சாவிய யார்கிட்டயாவது குடுத்து அனுப்பலாமே," என்றேன்.

"கம்பக் குடுத்து அனுப்புனது போதாதா அண்ணி? இதையும் எவனாவது வழியில வச்சிட்டுப் போனா? மேல ஆளில்ல. நான்தான் போகணும்."

மகளின் கன்னத்தைத் தொட்டாள். சம்பந்தியம்மாவிடம், "பாத்துக்கங்க," என்றாள். வேன் பதுளைப் பக்கம் இறங்கி மறையும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "உங்க வரிசைய விடுங்க. கடைசி வண்டியில நான் போறேன்," என்றாள். பஸ் போனது, ஆட்டோக்கள் போயின. கடைசியாக நின்ற கேஸ் சிலிண்டர் லொறியின் முன்சீட்டில், கொடியை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, மட்டக்கம்பின் இடத்தில் என் நாத்தனார் மேலே போனாள்.

கம்பு அடுத்த வரிசையோடு வந்துவிட்டது. கம்பைக் கொண்டுவந்த டிரைவர் அதன் கதையையும் சேர்த்தே கொண்டுவந்தார். குறுக்குப் பாதையில் கம்போடு ஏற முடியாமல், பின்னால் வருகிறவர் எடுத்துக்கொள்வார் என்று மோட்டார் சைக்கிள்காரர் அதை மண்மேட்டில் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அவர்தான் கடைசி என்று படித்துப் படித்துச் சொன்னேன்! கொழுந்தோடு அந்த வழியாக வந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். சிவப்புத் துணி சுற்றியிருக்கிறது, யாரோ அடையாளம் வைத்திருக்கிறாள், பாவம் கம்பை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று தூக்கிக்கொண்டு போய் மடுவத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டக்கம்பு அநாதையாகக் கிடக்க விடமாட்டார்கள். அவர்களை என்னவென்று திட்டுவது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கங்காணி "யார் கம்பு?" என்று தூக்கிக் காட்டியபோது ஒருத்தி அடையாளம் கண்டு மேல் முனைக்கு ஓடியிருக்கிறாள்.

மத்தியானம் தாண்டி, பதுளையிலிருந்து திரும்பிய ஒரு ஆட்டோக்காரர் என் பக்கத்தில் நிறுத்தினார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அந்த ஆட்டோக்காரரிடம் வெறும் வாய்ச்சொல்லாகவே சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சின்னப் பக்கெட் டொபி மிட்டாய் வாங்கி, கம்பின் சிவப்புத் துணியோடு சேர்த்துக் கட்டினேன். "பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இத அவ அண்ணி அனுப்பினான்னு சொல்லுங்க," என்று கம்பை ஆட்டோக்காரர் கையில் கொடுத்து, அவரைக் கடைசி வண்டியாக விட்டேன்.

கம்பு திரும்பி வர நேரமானது. இந்த முறை நான் யாரையும் சந்தேகப்படவில்லை. என் பக்கத்து வரிசையில் ஒருவர் ஹோர்ன் அடித்தார். "கொஞ்சம் பொறுங்க, மேல ஒருத்தி பாட்டியாகியிருக்கா," என்றேன். அதற்குப் பிறகு ஹோர்ன் சத்தம் இல்லை.

கடைசியாக இறங்கி வந்த வேன்காரர் கம்பை நீட்டினார். "அந்தக்கா அழுதுகிட்டே நின்னாங்க. அதான் விட லேட்டாயிருச்சு," என்றார். துணியில் டொபிப் பக்கெட் இன்னும் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். பாதியை எடுத்துக்கொண்டு, பாதியை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தாள்.