தகடு அடுக்கும் திசை

புதுப்பட்டினம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் கியாசுதீனின் இரண்டாவது மகள் அஃப்ஷீன். வயது இருபத்தைந்து. காலை ஏழு ஐந்து பேருந்தில் ஏறி, அணுபுரத்தில் யாரேனும் இறங்கினால் உட்கார்ந்து, செங்கல்பட்டுக்கு வெளியே உள்ள சிறிய மின்கருவிப் பட்டறைக்கு வருகிறார். டிரான்ஸ்ஃபார்மர், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சோக் ஆகியவற்றின் ‘கோர்’ என்ற இரும்பு உள்ளகத்தைக் கணினியில் உருவாக்கி, மின்சாரம் பாய்ந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்வது அவர் வேலை. இங்கே பதிவாவது அவருடைய ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசி வியாழக்கிழமை.

கோர் ஒரே கட்டி இரும்பு அன்று. காப்புப் பூச்சுள்ள மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகட்டின் வழியே காந்தப்பாயம் எளிதாக ஓடும். தகட்டுக்குத் தகடு தாவ வேண்டுமானால் திணறும். நூற்றுக்கணக்கான தகடுகளைத் தனித்தனியே வரைவது இயலாது. ஆகவே ஒரே கட்டியாக வரைந்து, அடுக்கும் திசையை மட்டும் எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றில் ஓர் எழுத்தால் மென்பொருளுக்குச் சொல்லிவிடுவார்கள்.

அந்த வாரத்து சோக்குக்கு இண்டக்டன்ஸ் என்னும் மின்தூண்டல் அளவு நான்கு மில்லி ஹென்றி இருக்க வேண்டும். வரைவாளர் லோகு கைக்கணக்கில் கோரின் துண்டுகளுக்கிடையே இருபத்தொரு மில்லிமீட்டர் காற்றிடைவெளி போட்டிருந்தார். மென்பொருளோ அதற்கு இரண்டரை மில்லி ஹென்றிதான் காட்டியது. அஃப்ஷீன் இடைவெளியை எட்டாகக் குறைத்தார், நான்கு வந்தது.

“லோகுண்ணா, உங்க கணக்குல இரும்பை விட்டுட்டீங்க.”

“சாஃப்ட்வேர் சொன்னா அப்பீலே கெடையாது. எட்டே வெச்சிக்க மேடம்.”

வியாழன் பிற்பகல் 2:38. அறிக்கையின் அட்டவணையில் ‘அடுக்கும் திசை: இசட்’ என்று எழுதிவிட்டு, அருகில் ஒட்டிய படத்தைப் பார்த்தார். இசட் அம்பு மேல்நோக்கி நின்றது. கோரின் தூண்களும் மேல்நோக்கியே நின்றன. அப்படியானால் தூணுக்குள் தகடுகள் இட்லித் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தூணில் ஏறும் காந்தப்பாயம் ஒவ்வொரு தகட்டையும் தாவ வேண்டியிருந்தது.

பட்டறையில் கோரை மேசைமேல் படுக்கவைத்து அடுக்கி, பிறகுதான் நிமிர்த்துவார்கள். லோகுவும் அந்தப் பழக்கத்தில் மாதிரியைப் படுக்கவைத்தே வரைவார். சுருளைப் பொருத்துவதற்காக அஃப்ஷீன் அதை நிமிர்த்தினார், எழுத்தை மாற்றவில்லை.

மூன்று மணிக்குள் கீழே கோரின்மேல் ரெசின் என்ற பிசினை ஊற்றிவிடுவார்கள். இறுகிவிட்டால் கோரும் இடைவெளியும் ஒரே கல், பிரிக்க இயலாது. ரெசின் அறைக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. திருத்திய மாதிரி ஓடி முடியப் பதினொரு நிமிடம் ஆகும். எழுத்தை ‘ஒய்’ என்று மாற்றி, ஓடவிட்டு, காத்திராமல் படியிறங்கி ஓடினார்.

“சாந்தாக்கா, ஊத்தாதீங்க!”

ரெசின் வாளியைத் தூக்கியிருந்த சாந்தா திரும்பினார். “இன்னாமா, கலக்கியாச்சே! அரை மணில கல்லாயிடும். தப்புன்னு கன்ஃபார்மா தெரியுமா?”

“ரிசல்ட் இன்னும் வரல.”

“அப்போ எத்த நம்பி நிறுத்தறது? ஓனரு கேட்டா யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்.”

சாந்தா வாளியைச் சாய்க்கவில்லை. கீழே வைக்கவும் இல்லை. அதற்குள் உரிமையாளர் சிவப்பிரகாசமே வந்துவிட்டார்.

“இன்னா, வேடிக்கை பாத்துகினு நிக்கிறீங்க?”

அஃப்ஷீன் நடந்ததைச் சொன்னார். சிவப்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். “மேல போயி ரிசல்ட்ட பாத்துட்டு வா.”

“நான் போனா இங்க ஊத்திடுவீங்க சார்.”

பின்னாலேயே இறங்கி வந்திருந்த லோகு மேலே போனார். சாந்தா வாளியைத் தரையில் இறக்கி, அதன் பக்கத்தைத் தொட்டார். “சூடு ஏறுது சார். இப்ப ஊத்தலன்னா போச்சு.”

சிவப்பிரகாசம் அஃப்ஷீனைப் பார்த்தார். அஃப்ஷீன் கோருக்கும் வாளிக்கும் நடுவே நகர்ந்து நின்றுகொண்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லோகு கதவருகே நின்றார்.

“நாலு கேட்டா பத்தரை காட்டுது சார்.”

சாந்தா கலக்குக் கோலை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றினார்.

“அப்பீல் கீது போல, மேடம்,” என்றார் லோகு. அஃப்ஷீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இடைவெளிய இருபத்தொண்ணுக்கே வெச்சி, நாளைக்கு ஊத்து,” என்று சாந்தாவிடம் சொல்லிவிட்டு சிவப்பிரகாசம் வெளியேறினார்.

திருத்தப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் அஃப்ஷீன் தம் பெயரையே எழுதினார். அடுத்த புதன்கிழமை சோதனையில் சோக் 4.1 காட்டித் தேறியது. அவருடைய தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. லோகு இப்போதும் மாதிரியைப் படுக்கவைத்தே அனுப்புகிறார். அதை நிமிர்த்தியதும் அஃப்ஷீன் பார்க்கும் முதல் கட்டம் அந்த ஓர் எழுத்துதான்.