ஐந்தருவியும் ஓர் எலுமிச்சங்காயும்

கண் ஆஸ்பத்திரியில் கவுன்சலர் வேலை என்றால், புரை விழுந்த பெரியவர்களைப் பேசிப் பேசி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைப்பது. வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரி வாசல் வரை கூட்டி வந்து, அப்படியே திருப்பிக் கூட்டிப் போனவர்களுக்கு என் பிழைப்பை விளக்க வேண்டியதில்லை.

யாருக்குக் கோளாறு?

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சியை அவர் மகன்தான் தென்காசிக்கு இழுத்து வந்தார். பச்சைக் காயைப் பழம் என்று பிரித்து கேரளாவுக்கு லாரி ஏற்றியிருக்கிறார். சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

முற்றிய புரை, மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி எல்லாவற்றையும் மஞ்சளாகத்தான் காட்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி. இந்த வருசம் காய்லதான் கோளாறு."

சட்டைப் பையில் சாட்சி

மகன் விடவில்லை, ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. மறுபடி காட்ட வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சங்காயை எடுத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

"புதுக் கண்ணுக்குக் காயா இருக்கு, பழைய கண்ணுக்குப் பழமா இருக்கு. அந்தப் பொய்க் கண்ணையும் எப்பம் எடுப்பிய?"

என் வீட்டு நோயாளி

ஊருக்கே சொல்லும் என் பேச்சு, பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவிடம் மட்டும் எடுபடவில்லை. சீசன் வந்தால் அவருக்குத் தினமும் குற்றாலம். ஆபரேஷன் செய்தால் சில வாரங்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றதும் எழுந்துவிடுவார். இரண்டு கண்ணிலும் புரை. அதோடு அந்த வழுக்குப் பாறையில் நடக்கிறாரே, என்றைக்கு விழுந்து கிடப்பாரோ என்று எனக்குப் பயம். கெஞ்சினேன், அழுதுகூடப் பார்த்தேன்.

"சாரல் அடிக்கிற நேரத்துல சொட்டு மருந்து ஊத்திக்கிட்டு வீட்டுல கெடக்கச் சொல்லுதியாட்டி?"

அருவிக்கரை

இரண்டாவது கண்ணும் சரியான பிறகு ஒருநாள் வந்த அண்ணாச்சியிடம் புலம்பிவிட்டேன். மறுநாளே கறுப்புக் கண்ணாடியோடு வந்து அப்பாவை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் அளவாக விழுந்த நாள். சாரல் படாத தூரத்தில் நின்றுகொண்டு, "எத்தன அருவி விழுதுன்னு எண்ணிச் சொல்லும் வே" என்றாராம். "ஊருக்கே தெரியும், அஞ்சு" என்றாராம் அப்பா. "ஊருக்குத் தெரியும் வே. ஒமக்குத் தெரியுதா?"

அப்பா வெகுநேரம் பார்த்தாராம். வெள்ளையாக ஒரே படுதாதான் தெரிந்திருக்கிறது. குளிக்காமலே வீட்டுக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் பார்த்த அருவி கண்ணை விட்டுப் போனது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, நாளைக்கே எம் பேரக் குடுத்துரு."

போன் வந்தது

இரண்டு கண்ணும் முடிந்து, டாக்டர் குளிக்கலாம் என்று சொன்ன மறுநாள், வேலை நேரத்தில் அப்பாவிடமிருந்து போன். பின்னால் தண்ணீர் இரைச்சல். விழுந்துவிட்டாரோ என்று பதறிப் போனேன்.

"அஞ்சும் இருக்கு தாயி. எண்ணிட்டேன்."

போனை வைத்துவிட்டு வராந்தாவிலேயே நின்று அழுதேன். அண்ணாச்சி இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

ஆக, கவுன்சலிங் செய்தது அண்ணாச்சியும் அருவியும், சம்பளம் வாங்குவது மட்டும் நான்.