ஊசியின் உள்மூடி

அவள் மருந்தியல் கல்லூரியில் ஆசிரியை. கணவர் பேருந்து ஓட்டுநர். தொலைவில் இருக்கும் நோயாளிகளிடம் வீடியோவில் பேச மாணவர்களைப் பழக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, துறைத் தலைவர் சிரித்துவிட்டு, உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் காட்டினார். அவளே தூசி தட்டிக் கணினிகளை வைத்தாள். பயிற்சிக்குப் பொய் நோயாளி வேண்டுமே? விடுப்பில் இருந்த கணவரை இழுத்து வந்து பக்கத்து அறையில் உட்கார்த்தினாள்.

மனிதர் வெளுத்து வாங்கினார். காது கேட்காதவராக, எரிந்து விழுபவராக, எதற்கும் "ஆமா" போடுபவராக நடித்தார். இரண்டு சொல்லுக்கு மேல் பேசாததால் 'தந்தி' என்று பெயர் வாங்கிய மாணவி, மருந்து சரியாகப் போடுகிறீர்களா என்று கேட்டு, அவருடைய "ஆமா"வோடு நிம்மதியாக முடித்துக்கொண்டாள்.

அவர் எழுந்து வந்தார். "ஏம்மா, ஆமான்னா நம்பிடுவியா? நானும் வீட்டுல பத்து வருஷமா அதையேதான் சொல்லிட்டிருக்கேன்."

வகுப்பே சிரித்தது. கேட்பதோடு விடாதே, செய்துகாட்டச் சொல் என்று ஆசிரியை தந்தியிடம் சொன்னாள்.

பிறகு மருத்துவமனை உண்மையான நோயாளிகளை அனுப்பியது. தந்தியின் திரைக்கு வந்தவர் ஒரு தையற்காரர். பேனா வடிவ ஊசியான இன்சுலின் பேனாவைத் தினமும் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். ஆசிரியை பின்னால் நின்றாள், குறுக்கே பேசிவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு.

"ஐயா, எப்படிப் போடுவீங்களோ அப்படியே காட்டுங்க. உடம்புல மட்டும் குத்த வேணாம்."

தினமும் போடுவதுதானே என்று முனகியபடி அவர் ஊசியைப் பொருத்தினார், வெளிமூடியைக் கழற்றினார், பேனாவை வயிற்றருகே கொண்டுபோனார். ஊசிமேல் சின்ன உள்மூடி அப்படியே இருந்தது.

"நிறுத்துங்க ஐயா. உள்ள ஒரு குட்டி மூடி இருக்கு பாருங்க. அதையும் எடுக்கணும்."

அவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அதான் வலிக்கவே மாட்டேங்குதா? நான் நல்ல ஊசின்னுல்ல நினைச்சேன்."

இத்தனை நாளும் மருந்து உடம்புக்குள் போகவே இல்லை. மூடியை எடுத்துவிட்டு, கூட்டிய அளவை அப்படியே போட்டிருந்தால் ஆளையே சாய்த்திருக்கும். ஆசிரியை உடனே மருத்துவரை அழைத்தாள், அளவு குறைந்தது. தந்தி கூடவே இருந்து, அவர் மூடியைக் கழற்றிச் சரியாகப் போடும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

சில வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. தையற்காரர் தன் தெருவில் பேனா போடுகிற எல்லாரையும் அந்தப் பெண்ணிடம் பேசச் சொல்லி அனுப்பினார். வேடிக்கை பார்க்க வந்த துறைத் தலைவர், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பார்த்தார். மறுநாளே அந்த வீடியோப் பயிற்சியை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயப் பாடமாக்கினார். அன்று வீடு திரும்பும்போது ஆசிரியைக்குக் கால் தரையில் பாவவில்லை.