கட்டைவிரலால் திறக்கும் மூடி

பேட்டரியில் ஓடும் சாமானை வாங்குகிறவர்கள் சாமானைத்தான் பார்ப்பார்கள்; பேட்டரி உட்காரும் குழியைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட எங்களைப் போன்ற சிலர்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட்டில் பாக்கெட் ரேடியோவும் காது மெஷினும் செய்கிறோம். கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் கேட்லாக் படிப்பாள் என்று, எந்தச் சாமானுக்கு எந்த செல், அது உட்கார எந்த ஹோல்டர் என்று பார்க்கும் வேலை எனக்கு. கெட்டுப்போய்த் திரும்பி வருகிறவற்றுக்குத் திட்டு வாங்குவதும் நானே. வீட்டில் தவழ ஆரம்பித்திருக்கும் மகள் ஒருத்தி. தரையில் கிடக்கும் எதையும் அவள் ருசி பார்க்காமல் விட்டதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், அவளைத் தூங்கவைத்துவிட்டு நான் ஏன் பயந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

முறத்தில் காய்ந்த கட்டை

ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். மாமியாருக்குக் காது மந்தம். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே காது மெஷின் பேசவில்லை என்று மருமகள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பேனா செல், அந்தப் பக்கத்துப் பேச்சில் கட்டை, வயிறு உப்பி, ஒழுகி, ஹோல்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் முழுக்கக் களிம்பு.

செல் தீர்ந்ததும் முறத்தில் போட்டு வெயிலில் காயவைத்திருக்கிறாள். காய்ந்த செல் கொஞ்ச நேரம் பேசும், மறுபடி காயவைப்பாள். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறவர்கள்தான். சூடு பட்டால் செல் கொஞ்சம் எழுந்து உட்காரும் என்பது நிஜம். ஆனால் தீர்ந்த செல்லின் உறை ஏற்கெனவே அரித்துப்போய் மெலிந்திருக்கும். வெயிலில் போட்டுப் போட்டு எடுத்தால் அது ஓட்டையாகி, உள்ளே இருப்பது வெளியே வரும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லத்தான் நினைத்தேன். சொன்னபோது கத்தலாக வந்துவிட்டது. அவள் அசரவில்லை.

"மொளகா காயவெச்சா கத்தமாட்டேங்கிற, வடாம் காயவெச்சா கத்தமாட்டேங்கிற, டப்பு குட்து வாங்கின கட்டைய காயவெச்சா மட்டும் இன்னாத்துக்குமா இப்டி கத்தற?"

சட்டைப் பையில் அடுப்பு

பழவேற்காட்டிலிருந்து மீன்பிடிக்கிற ஒருவர் வந்தார். சட்டைப் பையைச் சுற்றித் தீய்ந்திருந்தது, உள்ளே மார்பில் கொப்புளம். ஏரிக்குப் போகும்போது காற்று மழைச் செய்தி கேட்க எங்கள் பாக்கெட் ரேடியோவை வாங்கியவர் அவர். உப்புக் காற்றில் ஹோல்டரின் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்துவிட்டது. செல் ஆடியது. எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்துச் சந்தில் திணித்தார். படகு ஆடிய ஆட்டத்தில் தாள் பிரிந்து இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டது. செல் அடுப்பாகக் காய்ந்துவிட்டது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கடலோரத்துக்குப் போகிற ரேடியோவில் நிக்கல் பூசிய ஸ்பிரிங் போடுங்கள் என்று நான் முதலாளியிடம் கெஞ்சியிருந்தேன். "ஊருக்கு ஒரு ஸ்பிரிங்கா போடுவாங்க?" என்று வெறும் இரும்பையே போட்டார் அவர். பழவேற்காட்டுக்காரர் வந்த அன்றைக்கு முதலாளி மெட்ராஸ் போயிருந்தார். திட்டு வாங்க நான் இருந்தேன். ரேடியோவை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் பழவேற்காட்டுக்காரர் சொன்னார்:

"காத்தடிக்குமான்னு கேக்க வாங்குனேம்மா, மாருல சூடு வெச்சிட்ச்சி. இந்தா, உன் அடுப்ப நீயே வெச்சிக்கோ!"

புது மாடல்

அந்த மெட்ராஸ் பயணத்திலிருந்து முதலாளி ஒரு புதுமையோடு திரும்பினார். காதுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும் குட்டி மெஷின். பேனா செல் கிடையாது, பொத்தான் செல். நிஜமாகவே சட்டைப் பொத்தான் அளவுதான், பளபளவென்று மிட்டாய் மாதிரி. அது உட்கார ஒரு ஹோல்டர். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் திறந்துகொள்ளும் மூடி. "வயசானவங்க கை நடுங்கும்மா. ஸ்க்ரூடிரைவர் தேடிக்கிட்டு இருப்பாங்களா?" என்றார். அது நியாயம்தான்.

ஆனால் அந்த செல்லுக்குள் இருப்பது பாதரசம். எங்கள் பள்ளியில் உடைந்த தெர்மாமீட்டரைத் தொடப்போன பெண்ணின் கையில் கெமிஸ்ட்ரி சிஸ்டர் ஸ்கேலால் போட்ட போடு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அந்த செல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது என் மகளின் வாய்தான் கண்ணுக்குத் தெரிந்தது. "சார், இதுக்குத் திருகு மூடி போடணும். குழந்தை முழுங்கிடும்" என்றேன். பக்கத்து மேஜையில் சால்டரிங் வைக்கும் சரோஜாகூட நிமிர்ந்து பார்த்தாள். முதலாளி சிரித்தார்.

"ஏம்மா, நாம செவிட்டுக் கிழவங்களுக்கு மெஷின் பண்றோமா, உங்க வீட்டுப் பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை பண்றோமா?"

கிலுகிலுப்பை

முதல் லாட் அந்த மூடியோடேயே திருவள்ளூர் கடைகளுக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் போய்விட்டது. வேன் கேட்டைத் தாண்டும்வரை பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அன்று இரவு மகள் ஒருமுறை இருமினாள். எழுந்து உட்கார்ந்தவள்தான், அப்புறம் நான் படுக்கவில்லை. பயம் முற்றினால் கோபமாகிவிடுகிறது. காலையில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போகுமுன் பிஸ்கட்டைச் செல் அளவுக்குக் கிள்ளி ஒரு ஹோல்டருக்குள் வைத்து மூடியிருந்தேன். முதலாளியின் கண்ணாடி மேஜைமேல் மகளை உட்காரவைத்து அதைக் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணாடிமேல் இரண்டு தட்டுத் தட்டினாள், ஈறால் ஒரு கடி கடித்தாள். மூடி பட்டென்று திறந்தது. உள்ளே இருந்தது வாய்க்குள் போனது. அது பிஸ்கட் என்று முதலாளிக்குத் தெரியாது. நாற்காலி பின்னால் சாய, பாய்ந்து வந்து அவள் வாய்க்குள் விரலை விட்டார். மகள் அந்த விரலையும் கடித்தாள். விரலில் ஒட்டிய பிஸ்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேர்த்து வழிந்தது. எனக்குப் பரிதாபமே வரவில்லை.

"திருகே போட்டுத் தொலை! முதல்ல உன் பொண்ணைத் தூக்கு, தூக்கும்மா!"

ஆர்.கே.பேட்டைப் பெரியவர்

திருகு மூடி வந்தது. திருகின் தலையில் நாணயம் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் வைத்தோம். நடுங்குகிற கைக்கும் அது போதும், குழந்தை பல்லுக்கு அசையாது. ஆனால் போன லாட்டைத் திரும்ப வாங்கச் சொன்னால் முதலாளி, "போனது போச்சு" என்று எழுந்து போய்விட்டார். கடைகளுக்கு நானே கடிதம் போட்டேன், பழைய மூடியைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம் என்று. ஒருவரும் வரவில்லை. காது மெஷின் மூடிக்காக யார் வருவார்கள்?

ஒரே ஒரு பெரியவர் வந்தார், ஆர்.கே.பேட்டையிலிருந்து, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு. அதுவும் மூடிக்காக இல்லை, மெஷின் கீச்சென்று கத்துகிறது என்று. பழைய மூடிதான். "செல் மாத்துறது யாரு?" என்று கேட்டேன். "பாப்பாதான். எனக்குக் கண்ணு தெரியாதே" என்றார். "தீர்ந்த செல் எங்கே?" என்றேன். பேத்தி பாவாடை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். மூன்று செல். சொப்பு விளையாட்டில் அதுதான் காசாம். வீட்டில் தம்பிப் பாப்பா இருக்கிறானாம், அவன்தான் கடைக்காரனாம்.

சரோஜா தன் நாஷ்டாப் பொட்டலத்தையே நீட்டினாள். வடைக்கு செல் என்று பேரம் முடிந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா, தம்பியிடம் இருக்கிறதா என்று நான் மாற்றி மாற்றிக் கேட்டதில் அந்தக் குழந்தை அழுதேவிட்டது. இல்லை, மூன்றும்தான். கீச்சுச் சத்தத்தைச் சரிசெய்து, புது மூடி போட்டு, நாணயத்தால் எப்படித் திருகுவது என்று காட்டினேன். பெரியவர் பேத்தியிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். அவள் நகத்தால் சுரண்டினாள், கடித்தாள், தரையில் தட்டினாள். திறக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் காதில் விரலால் திறக்கிற மூடி இருந்தால் இன்றைக்கே பிளாஸ்திரி சுற்றி ஒட்டுங்கள். தீர்ந்த செல்லைக் குழந்தை கையில் விட்டுவைக்காதீர்கள். பெரியவரிடமும் இதையேதான் சொன்னேன், அவருக்கு ஏறவில்லை. வாசல்வரை போனவர் திரும்பிவந்து என் மேஜையைத் தட்டினார்:

"இன்னா மெஷின் பண்றீங்கோ? முன்ன பாப்பா தூங்கிகினே தொறக்கும், இப்ப நானே குந்திகினு திருகணும். எந்தப் பேஜாரு புட்ச்சவ பண்ண வேல இது?"

இத்தனை நாள் வாங்கிய திட்டுகளில், நான்தான் ஐயா அந்தப் பேஜாரு பிடித்தவள் என்று எழுந்து நின்று ஒப்புக்கொள்ளத் தோன்றிய திட்டு அது ஒன்றுதான்.