நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆந்தை

பெயர்ப்பலகைக் கடையின் லேமினேஷன்காரருக்கு அதைச் சொன்னவர் கடைக்கு மை கொண்டுவருகிறவர். மைக்காரருக்கு யார் சொன்னார்களோ, அது மைக்காரருக்கே வெளிச்சம். லேமினேஷன்காரர் அதை அப்படியே பிளேடு அக்காவிடம் ஒப்பித்தார்.

"எந்தக் கடைன்னு தெரியலக்கா. ஒரு பெரியவர் ஆசை ஆசையா ஆந்தை ஒண்ணு வரைஞ்சு குடுத்தாராம். அதப் பாத்துட்டு ஒரு புண்ணியவதி, 'இது ஆந்தை இல்ல, சொறி பிடிச்ச பூசணிக்கா'ன்னு சிவப்பு மையில எழுதி அவருக்கே அனுப்பிட்டாளாம். மனுசன் ரெண்டு நாளா வாயே திறக்கலையாம். இப்படியும் இருக்காங்க பாருங்க!"

"பூசணிக்காயா? நல்ல வாய்தான் அவளுக்கு" என்று பிளேடு அக்கா சிரித்துவிட்டார். ஏதோ ஒரு மருந்துக்கடைப் பெயரின் 'ம'வுக்குள் மாட்டியிருந்த ஸ்டிக்கர் துணுக்கை இடுக்கியால் கிள்ளிக்கொண்டிருந்த கை, பாதி வழியில் நின்றது. பூசணிக்காய் என்று அவர் எழுதவில்லை. ஆனால் ஆந்தை, பெரியவர், சிவப்பு மை, ரெண்டு நாள். இந்த நாலும் ஒரே ஊரில் இரண்டு இடத்தில் சேராது.

இடுக்கியை வைத்துவிட்டு முன்மேசைக்குப் போனார்.

"திங்கக்கிழமை கொக்கியில ஒரு ஆந்தைத் தாள் இருந்துச்சே, அது எங்க?"

முன்மேசையில் உட்கார்ந்திருந்தவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அனுப்பிட்டேனே. போட்டோ எடுத்து, ஆர்டர் சீட்டுல இருந்த நம்பருக்கு. ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு."

"அது யாரு நம்பர்னு பாத்தியா?"

"நான் எதுக்குக்கா பாக்கணும்? சிவப்புல எழுதிக் கொக்கியில மாட்டினா அனுப்பணும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பெயர்ப்பலகைக் கடையில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்துகிறவர். அந்த மெஷினுக்குக் கண் கிடையாது. ஒரு சின்ன பிளேடு, கோடு போகிற வழியே நடக்கும், அவ்வளவுதான். நடக்க வழி வேண்டும். வாடிக்கையாளர்களோ வழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுப்புவார்கள்: செல்போனில் எடுத்த விசிட்டிங் கார்டு, அதன் மேல் விழுந்த கட்டைவிரல் நிழல், கல்யாணப் படத்தின் ஓரத்தில் தெரிகிற சின்னம். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி விளக்கித் தொண்டை வறண்டுபோய், ஒரு நாள் அக்காவே கண்டுபிடித்த முறை இது. உதவாத ஃபைலைத் தாளில் அச்செடுத்து, குறையைச் சிவப்பில் கிறுக்கி, கொக்கியில் மாட்டிவிடுவது. எழுதுவது முகம் தெரியாத ஆளுக்கு. அதனால் கை கூசியதில்லை.

இந்த முறை முகம் தெரியும். சம்பந்தியின் முகம்.

மகளும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடை திறக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்துக் கல் நட்டவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் எட்டு மாதம் ஊமை நாடகம். கேட்டால் தலையாட்டல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பார்க்கப் பொறுக்காமல் மகள்தான் ஒரு டேப்லெட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். அவர் கோடு போட்டார், கிண்ணம் போட்டார், பக்கத்து வீட்டுப் பூனையைப் போட்டார், பேசவும் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கடைப் பலகைக்குப் படமும் நானே என்று, கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்றை வரைந்துவிட்டார்.

"ஆந்தையா?" என்றார் அக்கா அன்று. "கடைவாசல்ல அது முழிச்சுக்கிட்டு நின்னா ஜனம் உள்ள வருமா?"

"ராத்திரியிலயும் பளிச்சுனு கண்ணு தெரியுற ஜீவன் அது ஒண்ணுதான் சம்பந்தியம்மா. நீங்க சாஸ்திரம் பாக்காதீங்க. படத்தப் பாத்து உள்ளத உள்ளபடி சொல்லுங்க. நான் கத்துக்குட்டி. சொந்தம்னு சலுகை வேண்டாம், மத்தவங்களுக்குப் போடற மாதிரி எனக்கும் ஒரு ஆர்டர் சீட்டுப் போடுங்க."

சீட்டுப் போட்டார்கள். முதலில் வந்தது ஜேபெக். தூரத்தில் பார்த்தால் ஆந்தை, பெரிதாக்கினால் படிக்கட்டு.

"சம்பந்தி, இது சின்னச் சின்னக் கட்டமா சேந்த படம். கையளவு இருக்கும்போது அழகாத்தான் இருக்கு. ஆறடிப் பலகைக்கு இழுத்தா மங்கிடும். கண்ணாடிக் கடைப் பலகையே மங்கலா இருந்தா நல்லாவா இருக்கும்? வெக்டரா குடுங்க."

மறுநாள் வெக்டர் வந்தது. பெயரில் மட்டும். ஃபைல் பெயரின் வால் எழுத்து மூன்றையும் மாற்றி அனுப்பியிருந்தார். அதற்கடுத்த நாள் நிஜமான வெக்டர் ஃபைல். திறந்தால், உள்ளே அதே ஜேபெக் பத்திரமாகப் படுத்திருந்தது. பழைய கஞ்சியைப் புதுப் பானையில் ஊற்றிக் கொடுத்த கதை. ஒவ்வொரு முறையும் "இப்ப சரியா சம்பந்தியம்மா?" என்ற அந்தக் குரலில் இருந்த உற்சாகம்தான் அக்காவை நெளியவைத்தது. வேறு ஆளாக இருந்தால் வார்த்தையாலேயே வெட்டியிருப்பார். இது பெண்ணைக் கொடுத்த இடம்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. "சம்பந்தி, ஒரு நிலத்த போட்டோ எடுத்துக் குடுத்தா நீங்க எல்லை எழுதித் தருவீங்களா?"

"அதெப்படி? கல்லு எங்க இருக்கு, கல்லுக்குக் கல்லு எவ்வளவு தூரம், அது வேணும்."

"அதேதான்! ஜேபெக் போட்டோ. வெக்டர் உங்க அளவுப் புத்தகம். ஆந்தையச் சுத்திப் புள்ளிய நடுங்க, புள்ளிக்குப் புள்ளி கோடு தானா விழும். அந்தக் கோட்டு மேலதான் என் பிளேடு நடக்கும்."

போனின் மறுமுனையில் ஒரு நீண்ட "ஆங்ங்" கேட்டது. அக்கா அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை காலை ஃபைல் வந்தது. கட்டம் இல்லை, படம் இல்லை, சுத்தமான வெக்டர். அக்கா மகிழ்ந்துபோய் மஞ்சள் ஸ்டிக்கர் ரோலை மாட்டி மெஷினை ஓடவிட்டார். பிளேடு நடக்கவில்லை, விக்கியது. டக் டக் டக் டக் என்று மயிரிழைக்கு ஒரு தரம் நின்று, நிமிர்ந்து, மறுபடி குத்தியது. ஆந்தையின் வால், நாய் குதறிய துணிபோலக் கிழிந்து சுருண்டது. பிளேடின் முனையும் போனது. ஃபைலைத் திறந்து புள்ளிகளை எண்ணச் சொன்னால் கணினி காட்டியது: நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.

ஒரு ஆந்தைக்கு நூறு புள்ளி தாராளம். வாலாட்டுகிற ஆந்தையாக இருந்தால் நூற்றி இருபது.

போன் போட்டுக் கேட்டதற்குச் சம்பந்தி பெருமையோடு சொன்னார்: "கல்லு கூடினா தகராறு குறையும் சம்பந்தியம்மா. கண்ணு நோக நோக ஒவ்வொண்ணா நட்டேன்."

அக்கா "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கைக்கு அனுப்பினார். ஆந்தையைத் தாளில் அச்செடுத்தார், சிவப்பை எடுத்து அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தார், கீழே எழுதினார். 'இது கோடா, கம்பளிப்பூச்சியா? பிளேடு போச்சு. வரையத் தெரிஞ்ச யாரிடமாவது கொடுத்து வாங்கவும்.' எழுதியதும் மனம் ஆறிவிட்டது. ஆறிய மனதோடு கை, தன் பாட்டுக்கு, தாளைக் கொக்கியில் மாட்டிவிட்டு டீக்குப் போய்விட்டது.

இப்போது புதன்கிழமை. முன்மேசையிலிருந்து திரும்புவதற்குள் மகளிடமிருந்து அழைப்பு.

"அம்மா, என்னம்மா எழுதித் தொலைச்ச?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாமா காட்டவே இல்ல. இவர்தான் அவர் போன்ல பாத்துட்டு, கூட்டாளிகிட்டப் புலம்பியிருக்கார். ஊரெல்லாம் பூசணிக்கான்னு பேசறாங்க."

"நான் பூசணிக்கான்னு எழுதலடி!"

"வரையத் தெரிஞ்ச ஆள்னு எழுதினியே, அது பூசணிக்காய விட நல்லா இருக்கா? ஆந்தையே வேண்டாம்னுட்டார். வெள்ளிக்கிழமை வரலையாம். முட்டி வலியாம். நேத்து வரைக்கும் அந்த முட்டிதான் மாடி ஏறி இறங்கிச்சு."

"சரி விடு. நானே வரைஞ்சுடறேன். இருபது நிமிஷ வேலை. அவருதுன்னே மாட்டிடலாம்."

"கையே வைக்காத! கால் அங்குலம் நகந்தாலும் கண்டுபிடிக்கிறவர் அவர். அப்புறம் ஜென்மத்துக்கும் பேனாவத் தொடமாட்டார்."

"பலகை இல்லாமலா கடை திறப்ப?"

"பலகை இல்லாமத் திறந்துக்கலாம்மா. அவர் பேசாத வீட்ல இருக்கறது உனக்குத் தெரியாது. எட்டு மாசம் நான் இருந்திருக்கேன். இன்னொரு தரம் என்னால ஆகாது."

வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைசி வரியைச் சொன்ன குரல் தணிந்திருந்தது.

அக்காவுக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. படித்துப் பார்க்காமல் அனுப்புகிறவள் மேல், அப்பா போனைக் குடைகிற மாப்பிள்ளை மேல், உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு உள்ளதைச் சொன்னால் முட்டியைப் பிடித்துக்கொள்கிற மனிதர் மேல். எரிச்சலோடு ஃபைலைத் திறந்து, வாலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். வாலில் புள்ளிக்கு மேல் புள்ளி, எறும்பு மொய்த்த மாதிரி. இடது இறக்கையில் கொஞ்சம் குறைவு. வலது இறக்கையில் இன்னும் குறைவு. மூக்குக்கண்ணாடியின் வட்டம் ஒன்றுக்கு எட்டு.

அலகுக்கு வந்ததும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். அலகில் மூன்றே புள்ளிகள். புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீளுமே ஒரு கைப்பிடி, அதை அளவாக இழுத்து, கோட்டை வில்லாக வளைத்திருந்தார். அந்தக் கைப்பிடியைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. கல் நடு, கல் நடு என்றுதான் சொன்னார். நிலத்தில் கல்லுக்குக் கல் நேர்கோடு. வளைந்த வரப்பை அளப்பவர் கல்லைக் கூட்டாமல் வேறென்ன செய்வார்? நாலாயிரம் கல்லை நடச் சொன்னது யார்? முதுகைத் தட்டிக்கொண்ட மகராசிதான்.

வாலில் தொடங்கி ஒன்பது நாள் நட்டுக்கொண்டே வந்த ஆள், அலகுக்கு வரும்போது தானாகவே கற்றுக்கொண்டுவிட்டார். சிவப்புக் கோடு அந்த அலகின் மேலும்தான் போயிருந்தது.

புது பிளேடை மாட்டினார். அலகை மட்டும் தனியே பிரித்து, மஞ்சளில் ஓடவிட்டார். ஒரே இழுப்பு. பிளேடு எங்கேயும் நிற்கவில்லை. சுற்றியிருந்ததை உரித்ததும் பிசிறில்லாமல் நின்றது அலகு.

போட்டோ எடுத்து, இரண்டு வரி எழுதி அனுப்பலாம்தான். எழுதிக் கெட்டது போதும் என்று போனை எடுத்தார்.

முதல் தரம் மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரமும் அப்படியே.

"எடுக்கமாட்டாரு அக்கா. நான் அப்பவே சாரி போட்டேன், அதுக்கும் பதில் இல்ல" என்றாள் முன்மேசைக்காரி, வாசற்படியில் நின்றபடி.

"நீ போய் உன் வேலையப் பாரு. இனிமே எதையும் படிக்காம அனுப்பாத."

மூன்றாம் தரம் போட்டார். முதலில் என்ன சொல்வது? மன்னிப்பா? மன்னிப்பென்று ஆரம்பித்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தியம்மா" என்று வைத்துவிடுவார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் குத்திக்காட்டுவதாகிவிடும். அலகிலிருந்தே தொடங்க வேண்டும். 'சம்பந்தி, அலகை எப்படிப் போட்டீங்க? வாலையும் அதே மாதிரி போடுங்க, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்களே போட்டுடலாம்.' ஆமாம், அப்படித்தான். 'எப்படிப் போட்டீங்க' என்று ஒரு மனிதரிடம் கேட்டால், பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு மனசு வராது.

அதையே வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.