லேத்துப் பட்டறைக்குக் கல்யாண மண்டபத் தரை

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு லேத்துப் பட்டறை. பதினெட்டு வருடம் சிமெண்டுத் தரையில் நின்றே இரும்பு கடைந்ததில் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. "தரைய மாத்துங்க, இல்லன்னா தொழில மாத்துங்க" என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

விஷயம் தெரிந்ததும் ஊரே தரை நிபுணர்களால் நிரம்பியது. டீக்கடைக்காரர் கடப்பா கல் என்றார். கொத்தனார் சிவப்புச் சாயத் தரை என்றார். அவர் வீட்டிலேயே அது பெயர்ந்து கிடந்தது வேறு விஷயம். என் மச்சினன் சென்னையில் இருப்பவன், ஆகவே அவன் சொன்னதுதான் எடுபட்டது.

"டைல்ஸ் போடுங்க மாமா. குனிஞ்சா மூஞ்சி தெரியணும்."

முழங்காலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. வெள்ளை டைல்ஸைக் கண்டதும் எனக்கும் அது மறந்துபோயிற்று.

டைல்ஸ் போட்டுப் பட்டறையைத் திறந்த அன்றைக்கே வினை. வந்தவர்களெல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள். வேண்டாம் என்று கத்தினாலும் கேட்பாரில்லை. கல்வராயன் மலையிலிருந்து மோட்டார் ஷாப்டைத் தோளில் சுமந்து வந்தவர், கால் கழுவத் தண்ணீர் கேட்டார். அத்தனை மரியாதையோடு உள்ளே வந்தவர் காலில், லேத்திலிருந்து விழுந்த இரும்புச் சுருள் ஏறியது. எல்லோரும் வெறுங்காலில் நிற்க நான் மட்டும் செருப்போடு நின்றதற்கு மனைவி முறைத்தாள். நானும் கழற்றினேன். முழங்கால் வலியோடு உள்ளங்காலில் ஓட்டையும் சேர்ந்துகொண்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

நான் காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டுவதை, வேலை கொடுக்க வந்த வடக்கனந்தல் விவசாயி ஒருவர் பார்த்தார்.

"இன்னாண்ணே இது? எங்க வூட்டு மாடே ரப்பர் பாய் மேல நின்னுக்கினு இருக்குது."

"யார் யோசனைங்க அது?"

"யோசன இன்னா யோசன? மாட்டுக்கு முட்டி வீங்கிச்சி, வாங்கிப் போட்டேன்."

மறுநாள் பழைய பாய் ஒன்றைக் கொண்டுவந்து லேத்துக்கு முன்னால் விரித்துவிட்டுப் போனார். எத்தனை கழுவியும் சாணி வாடை போகவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்துவிட்டது.

பொங்கலுக்கு மச்சினன் வந்தான். செருப்பை வாசலில் விட்டு, தரையில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டான். நான் நொண்டாமல் நிற்பதையும் கவனித்தான்.

"பாத்தீங்களா மாமா, டைல்ஸ் போட்டதும் வலி போயிடுச்சி!"

மாட்டுப் பாயில் நின்றபடி தலையை ஆட்டினேன்.