விறாந்தை வேட்பாளர்

எனக்கு இப்போதெல்லாம் படிகள் பிடிப்பதில்லை. மொன்றியலில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லக்கூடாது. வீட்டுக்குள் இருக்கவேண்டிய மாடிப்படியை இந்த ஊரில் எவனோ தூக்கி வீதிப் பக்கம் வைத்துவிட்டான். இரும்பில், முறுக்கி, பனி உறைவதற்கென்றே செய்ததுபோல. போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனோம். மூன்றாம் மாடி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பிறகு கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, வராத அழைப்புக்கு "ஓம்... ஓம்... சொல்லுங்கோ" என்று கொஞ்ச நேரம் கதைத்தேன். மனைவியும் மகனும் முன்னே ஏறிப் போனார்கள். மூச்சு வாங்குவதைப் பார்க்க ஆளில்லை என்று உறுதியானபின் ஏறத் தொடங்கினேன். பாதியில் நின்றபோதுதான் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் ஞாபகம் வந்தது.

இப்போதைய தேர்தல் இல்லை. அதை நினைத்தால் படி ஏறாமலே மூச்சு வாங்கும். நான் சொல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பக்கத்தில் நடந்தது.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் சரித்திர வாத்தியாருக்கு அந்தத் தேர்தலில் ஒரு பைத்தியம். கனடாவின் கதையை அவசரமாக முடித்துவிட்டு எல்லையைத் தாண்டிவிடுவார். இரண்டு வேட்பாளர்கள். ஒருவர் ரயிலேறி நாடு முழுக்கச் சுற்றினார். நின்ற இடமெல்லாம் பேச்சு, தொண்டை கட்டும்வரை பேச்சு. தங்கத்தை மட்டும் நம்பிய நாணயத்தால் விவசாயி நசிந்துபோவான், வெள்ளியும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மற்றவர் தங்கமே போதும் என்றார். அதைச் சொல்ல அவர் எங்கும் போகவில்லை. தன் வீட்டு விறாந்தையில் நின்றார். சனம் ரயிலேறி அவரிடம் வந்தது. வாத்தியங்களோடு வந்தது. வந்தவர்கள் ஞாபகத்துக்கென்று வேலிக் கட்டையைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் விறாந்தையில் நின்றவர்தான் வென்றார்.

இதை நான் வீட்டுக்கு வந்து சொன்ன நாளில் அப்பாவும் ஒரு வேட்பாளர். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் தெரிவுக்கு யாரோ அவர் பெயரை முன்மொழிய, யாரோ வழிமொழிய, அவரும் சரி என்றுவிட்டார். ஊரில் கூட்டுறவுக் கடை மனேஜராக இருந்தவர். இங்கே டோர்வல் விமான நிலையத்தில் இரவிரவாக விமானத்துக்குப் பெட்டி ஏற்றுபவரை ஒருவரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. வருடத்தில் ஒரு நாளாவது வேட்டி சால்வையோடு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, 'அன்பார்ந்த பெரியோர்களே' என்று தொடங்க அவருக்கு ஆசை. குளியலறையில் தொடங்கிப் பார்ப்பார். அம்மா கதவில் தட்டி, பெரியோர்களுக்கும் குளிக்க வேண்டும், வெளியே வாருங்கோ என்பார்.

எதிர்த்து நின்றவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. அவருக்குச் சிரிப்பு வரும், பேச்சு வரும், யார் வீட்டுத் தேத்தண்ணியும் வயிற்றுக்குள் போகும். பெயர் கொடுத்த அன்றே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மெட்ரோவில் போனார், பஸ் பிடித்து ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட் வரைக்கும் போனார். ரயில் வேட்பாளர் அவர்தான் என்று நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

எங்களுக்கும் ஒரு தங்கம், வெள்ளி இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு காலையிலா, பின்னேரமா? இரவு வேலைக்காரர்களுக்குக் காலை நல்லது. வரும் வழியில் பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம். ஜான்-டலோன் சந்தையில் நிற்பவர்களுக்குச் சனி காலை தலை நிமிர நேரமில்லை. அவர்கள் பின்னேரம் கேட்டார்கள். அப்பா காலை என்றார், கடைசிவரை காலை என்றார். மாமா முதலில் காலை என்றார். சந்தைக்காரர் வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டபின் பின்னேரம் என்றார். அடுத்த கிழமை இரண்டும் வைப்போம் என்றார். இரண்டுக்கும் வாத்தியார் எங்கிருந்து வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் அமெரிக்கக் கதையைச் சொல்லச் சொல்ல, வேலையால் வந்த அப்பா கட்டிலில் நேராகப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரிலை ஆர் வெண்டது?"

"வீட்டிலை நிண்டவர், அப்பா."

"ஒரு வீட்டுக்கும் போகேல்லையோ?"

"ஒரு வீட்டுக்கும் போகேல்லை."

அப்பா முகட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "காணும். நாங்களும் அப்பிடியே செய்வம்" என்றார்.

அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் கணக்குக்குப் பூச்சியம் வாங்குபவன், ஒரு வேட்பாளரின் தலைமை ஆலோசகன்.

வீடும் தோதாக இருந்தது. அந்த வருடம் யூலை முதலாம் தேதி, ஊரே மெத்தையைக் கட்டிக்கொண்டு வீடு மாறுகிற நாளில், நாங்களும் மூன்றாம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாறியிருந்தோம். வெளிச்சம் குறைந்த வீடு. மேல்வீட்டுக் குழந்தை எங்கள் தலைக்குமேல் ஓடித் திரியும். ஏன் மாறினோம் என்று நான் கேட்கவில்லை. முன்னால் இரண்டே படி, ஒரு சின்ன விறாந்தை. சரித்திரமே பார்த்துக் கட்டிக் கொடுத்ததுபோல இருந்தது.

அப்பா சாய்வில்லாத மரக் கதிரை ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலைக்குக் கட்டுகிற, கொளுக்கி வைத்த அகலமான இடுப்புப் பட்டியைச் சட்டைக்குள் கட்டியிருந்தார். அது விமான நிலையத்துச் சீருடை என்று நினைத்திருந்தேன். மல்யுத்த வீரர்கள் கட்டுவது அதுதான் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையும் அடித்திருந்தேன். அதை மட்டும் அம்மா வெளிக்கொடியில் காயப்போடமாட்டார்.

முதல் கிழமை சனம் வந்தது. ஒக்டோபர்க் குளிரில் ஜக்கெற்றோடு விறாந்தையில் இருந்து அம்மாவின் கடலை வடையைச் சாப்பிட்டது. பிடுங்கிக்கொண்டு போக எங்களிடம் வேலி இல்லை. ஒருவர் எங்கள் குடையை மாறி எடுத்துக்கொண்டு போனார். அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கிழமை வடை மிஞ்சத் தொடங்கியது. பால் வாங்க மூலைக்கடைக்கு, டெப்பனருக்கு, போனபோது இரண்டு பேர் எங்களைப் பற்றிக் கதைத்தது காதில் விழுந்தது. பெட்டி தூக்குகிறவருக்கு வீட்டில் ராசா என்று நினைப்பாம்.

வாத்தியார் சொல்லாத ஒரு விசயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்களிடம் கல்யாணமோ காதுகுத்தோ, வீட்டுக்கு வந்து வாயால் சொல்லவேண்டும். தபாலில் வரும் அழைப்பிதழை மேசையில் வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட சனத்திடம், என்னிடம் வந்து உங்கள் வாக்கைத் தந்துவிட்டுப் போங்கள் என்று நான் அப்பாவை உட்கார வைத்திருக்கிறேன். பாலை மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். சரித்திரப் புத்தகத்தை மறுபடி எடுத்து, ரயிலில் போனவர் எப்படியெப்படிப் போனார் என்று படித்தேன். பள்ளிக்கூடப் பையோடு கழிப்பறையில் இருந்தே படித்தேன்.

எங்களுக்கு நேரெதிரே, மூன்றாம் மாடியில், மன்னாரிலிருந்து வந்த ஒரு அன்ரி இருந்தார். மகன்மார், மருமக்கள், மைத்துனர்மார் என்று அந்த ஒரு வீட்டில் மட்டும் எட்டு வாக்கு. எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம் என்று வாத்தியார் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவாரே, அது இந்த வீடுதான். மாமா மூன்று தரம் போயும் அன்ரி பிடிகொடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லியனுப்பினார்: "அவர் ஒருக்கா வந்து சொன்னால் காணும். எங்கடை வாக்கு உங்களுக்குத்தான்."

நான் அப்பாவைக் கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பசித்தது, சாப்பிட்டுவிட்டுக் கெஞ்சினேன். அப்பா விறாந்தையில் இருந்தபடி எதிர்ப் படிக்கட்டை நெடுநேரம் பார்த்தார்.

சனிக்கிழமை கழுத்துப்பட்டி கட்டினார். அம்மா சட்டைக்குள் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டார். நாங்கள் வீதியைக் கடந்தோம். மேலே அன்ரி எங்களைக் கண்டு கைகாட்டினார். அப்பா கம்பியைப் பிடித்து ஏறினார். ஒரு படி. இன்னொன்று. அடுத்ததில் நின்றார். அந்தக் குளிரில் அவர் நெற்றி வியர்த்திருந்தது. மேலே பார்த்துச் சிரித்தார்.

"மறந்துபோனன் தம்பி. வீட்டுக்கு ஆரோ வாறனெண்டவை" என்றார். கம்பியை விடாமல், திரும்பாமல், பின்பக்கமாகவே இறங்கி, வீதியைக் கடந்து போய்விட்டார்.

எட்டு வாக்கு மேலே நிற்கிறது, வேட்பாளரைக் காணவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் மூன்று மாடியும் ஓடி ஏறினேன். அன்ரி கதவடியில் நின்றார்.

"ஏன் தம்பி, அப்பா வாசல் மட்டும் வந்திட்டுத் திரும்பினவர்?"

அவசரத்துக்கு ஒரு பொய் வேண்டும். வாயில் வந்தது சரித்திரம்.

"அப்பா ஒருத்தரிட்டையும் போகமாட்டார், அன்ரி. சனம்தான் அவரிட்டை வரவேணும்."

அன்ரி "ஓகோ" என்றார். அந்த ஓகோவில் எட்டும் போயிற்று. நிலைமையைச் சீர்செய்யும் நோக்கத்தோடு, அமெரிக்காவிலும் இப்படித்தான் என்று சேர்த்துச் சொன்னேன்.

மாமா வென்றார். அடுத்த நாள் பின்னேரம் எங்கள் விறாந்தைக்கு வந்து மிஞ்சிய வடையைச் சாப்பிட்டார். இருவரும் டோர்வலில் ஒரே கொம்பனியில்தான் பெட்டி ஏற்றினார்கள். சங்கத்தில் பாதிப்பேர் அங்கேதான். சனிக்கிழமை சங்கத்தில் விழும் கதை திங்கட்கிழமை மேற்பார்வையாளரின் காதில் இருக்கும். பாரம் தூக்க ஏலாது என்றவர்களை அந்தக் கோடையில்தான் வேலையால் நிறுத்தியிருந்தார்கள்.

"மச்சான், நீர் அந்தப் படியிலை ஏறியிருந்தால் நான் தோத்திருப்பன்" என்றார் மாமா. "ஏன் ஏறேல்லை? அவ்வளவு திமிரோ?"

உள்ளே தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"திமிர்தான் மச்சான்" என்று அப்பா சிரித்தார். "அப்பிடியே எல்லாரிட்டையும் சொல்லும்."

மாமா சொன்னார். ஊர் முழுக்கச் சொன்னார். அப்பா பிறகும் பல வருடம் முதுகு நோவுக்கு அதே பட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒலிவாங்கிக்கு முன்னால் அவர் நிற்கவேயில்லை.

அந்த அமெரிக்கர் ஏன் விறாந்தையை விட்டு நகரவில்லை என்பதற்குப் பல காரணங்களைப் பிறகு வாசித்தேன். மனைவிக்குச் சுகமில்லை, விட்டுவிட்டுப் போக மனமில்லை என்பதும் அதில் ஒன்று. வாத்தியார் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பதினொரு வயதில் நான் அதைத் தந்திரத்தில் சேர்த்திருக்கமாட்டேன். நான் சொன்ன தந்திரத்தை அப்பா கேட்டார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அவர் உண்மையில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு வீட்டுக்கும் போகேல்லையோ?

"இன்னும் கதைச்சு முடியேல்லையோ?" பாதிப் படியில் நின்ற என்னை மேலிருந்து மனைவி கேட்டார்.

"முக்கியமான ஆள்" என்று வாயசைத்தேன், இருண்டு கிடந்த தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றக் கையால் கம்பியைப் பிடித்தபடி. அவர் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்ற என் மகன், அப்பாவுக்கு எவ்வளவு வேலை என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.